முதலில் விதி, பிறகு நிதி

மத்திய அரசு திரட்டும் வரியில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்பதற்கு எழுதிவைத்த பங்கீட்டு விதி ஒன்று இருக்கிறது. 15ஆவது நிதிக்குழு மக்கள்தொகைக்கு 15 சதவீதம், பரப்பளவுக்கு 15, காட்டுக்கும் சூழலுக்கும் 10, மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தியதற்கு 12.5, வரி திரட்டும் முயற்சிக்கு 2.5 என்று அதில் மதிப்பு கொடுத்தது. மிச்சமிருந்த 45 சதவீதத்தையும் ஒரே அளவுகோலுக்கு ஒதுக்கியது: தனிநபர் வருமானத்தில் ஒரு மாநிலம் முன்னணி மாநிலங்களைவிட எவ்வளவு பின்தங்கியிருக்கிறது? இந்தக் கணக்கில் தமிழ்நாட்டுக்கு வந்த பங்கு 4.079 சதவீதம். இது போதாது, நன்றாக வளர்ந்ததற்காக நாம் தண்டிக்கப்படுகிறோம் என்று தமிழ்நாடு தொடர்ந்து வாதாடிவருகிறது. வாதாட முடிகிறது என்றால், எந்த அளவுகோலுக்கு எத்தனை சதவீதம் என்பது அச்சில் இருப்பதால்தான். எந்த எண் நமக்குப் பாதகம், எதை மாற்றச் சொல்ல வேண்டும் என்று விரல்வைத்துக் காட்ட முடிகிறது.

சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளுக்கு இடையில் அப்படிப்பட்ட விதி கிடையாது. பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடித்துக் கட்டுவது, சந்தைகளையும் பேருந்து நிலையங்களையும் புதுப்பிப்பது, நடைபாதை, மழைநீர் வடிகால், பூங்கா என்று ஒரு பகுதியையே மாற்றியமைக்கும் பணிகளுக்கு நகரம் ஆண்டுதோறும் செலவிடுகிறது. ஆனால் அந்தப் பணம் முதலில் எந்தப் பகுதிக்குப் போக வேண்டும், ஏன் போக வேண்டும் என்று மாமன்றம் கூடி விவாதித்து, நிறைவேற்றி, மக்கள் முன் வைத்த அளவுகோல் எதுவும் இல்லை. வியாசர்பாடிக்காரர் ஒருவர் தன் பகுதிக்கு வர வேண்டியது வரவில்லை என்று சொல்ல நினைத்தால், “வர வேண்டியது” எவ்வளவு என்று காட்ட அவர் கையில் எண் இல்லை. டெல்லியிடம் தமிழ்நாடு கேட்கும் நியாயத்தைச் சென்னை தன் வார்டுகளுக்கும் தர வேண்டும். பணம் வந்த பிறகு இடம் தேடாமல், இடங்களின் வரிசையை முன்கூட்டியே விதியால் தீர்மானித்துவிட்டுப் பணத்தைத் தேட வேண்டும் என்பதே என் வாதம்.

விதி இல்லாதபோது இடத்தைத் தீர்மானிப்பது எது? பெரும்பாலும், பணம் எந்தத் திட்டத்தின் பெயரில் வருகிறதோ அந்தத் திட்டத்தின் நிபந்தனைதான். 2015இல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டம் நல்ல உதாரணம். தேர்வாகும் ஒவ்வொரு நகரத்துக்கும் ஐந்து ஆண்டுகளில் மத்திய அரசு 500 கோடி ரூபாய், அதற்கு ஈடாக மாநிலமும் உள்ளாட்சியும் இன்னொரு 500 கோடி என்பது ஏற்பாடு. அதோடு, நகரத்துக்குள் அளவான ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து அங்கே பணிகளைக் குவிக்க வேண்டும் என்றும் சொன்னது. இருக்கும் பகுதியை மேம்படுத்துவதானால் 500 ஏக்கருக்கு மேல், இடித்துக் கட்டுவதானால் 50 ஏக்கருக்கு மேல். 2016 ஜனவரியில் வெளியான முதல் 20 நகரங்களின் பட்டியலில் சென்னை இடம்பெற்றது. தேர்வான பகுதி தியாகராய நகர். திட்டப் பணத்தில் ஒரு பங்கு நகரம் முழுவதற்குமான பணிகளுக்கும் போனது என்பதை மறைக்கக் கூடாது. ஆனாலும் அந்தத் திட்டத்தின் முகமாக நினைவில் நிற்பது, சுமார் 40 கோடி ரூபாயில் அமைந்து 2019 நவம்பரில் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகம்தான்.

அந்த வளாகத்தை நான் குறை சொல்லவில்லை. நடப்பவர்களுக்கு இடம் தராத நகரத்தில், அகன்ற நடைபாதை ஒரு சாதனை. கடைக்கு வருகிறவர் மட்டுமல்ல, வெறுமனே மாலையில் உட்கார வருகிறவரும் அங்கே அமர முடிகிறது. கேள்வி வேறு. 2011இல் சென்னையின் பரப்பளவு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிந்தது. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என்று 42 உள்ளாட்சிகள் மாநகராட்சிக்குள் வந்தன. 200 வார்டுகளில் 93 அந்தப் புதிய பகுதிகளுக்கு உரியவை. இணைந்து நான்கைந்து ஆண்டுகளே ஆகியிருந்த அந்தப் பகுதிகளில் பாதாளச் சாக்கடையும் வடிகாலும் அரைகுறையாக இருந்த நேரத்தில், பகுதி மேம்பாட்டுக்கான பெரும் தொகை நகரின் மிகப் பெரிய கடைவீதியைத் தேடிப் போனது சரியான வரிசைதானா? சரி என்று ஒருவர் வாதாடலாம். தவறு என்று மற்றவர் மறுக்கலாம். நகரம் முழுவதையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடும் அளவுகோல் மாமன்றத்தின் கையில் இருந்திருந்தால், அந்த விவாதம் பணிக்கு முன்பே நடந்திருக்கும். 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர்த் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் தேங்கியபோதுதான் இந்தக் கேள்வியைப் பலர் கேட்டார்கள்.

வட சென்னையின் கதை இதே குறையின் மறுபக்கம். கொடுங்கையூரில் குப்பைக் கிடங்கு, மணலியில் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் அனல்மின் நிலையங்கள் என்று நகரம் முழுவதற்குமான சுமையைத் தலைமுறைகளாகத் தாங்கிவரும் பகுதி அது. 2023-24 மாநில நிதிநிலை அறிக்கையில் வட சென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. 2024 மார்ச்சில் தொடங்கியபோது பல துறைகளின் பணிகளையும் சேர்த்து அது 4,181 கோடியாக வளர்ந்திருந்தது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் அது வந்த வழியைக் கவனியுங்கள். மாநில அரசு அறிவித்தது, பெருநகர வளர்ச்சிக் குழுமம் முன்னின்று நடத்துகிறது. அந்தப் பகுதியின் கவுன்சிலர்கள் உட்கார்ந்திருக்கும் மாமன்றத்தின் விதி எதுவும் அதைக் கட்டாயமாக்கவில்லை. அரசின் நல்லெண்ணத்தால் வந்ததற்கு, அடுத்த சுற்றிலும் வரும் என்று யாரும் உறுதி கூற முடியாது. பல பத்தாண்டுப் புறக்கணிப்பை ஓர் அறிவிப்பு சரிசெய்கிறது என்றால், அந்தப் பத்தாண்டுகளில் ஆண்டுதோறும் கிடைத்திருக்க வேண்டிய பங்கு எங்கே போனது என்பதும் கேட்கப்பட வேண்டியதே.

சிறிய பணிகளுக்கான இரண்டு வழிகளில் இந்தச் சிக்கல் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒன்று, கவுன்சிலர்களின் வார்டு மேம்பாட்டு நிதி. 2025-26இல் இது வார்டுக்கு 60 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி விரிந்த சென்னையின் மக்கள்தொகை சுமார் 67 லட்சம்; ஒரு வார்டுக்குச் சராசரியாக 33,000 பேர். தலைக்கு 180 ரூபாய் வருகிறது. இதில் எல்லா வார்டுக்கும் ஒரே தொகை என்பது சமத்துவம் போலத் தோன்றும். ஆனால் பாதாளச் சாக்கடை முழுமையாக இருக்கும் வார்டும் அது இன்னும் எட்டாத வார்டும் ஒரே தொகையைப் பெற்றால், இடைவெளி அப்படியே நிலைத்துவிடும். மற்றொன்று, 2021இல் மீண்டும் தொடங்கப்பட்ட நமக்கு நாமே திட்டம். பணியின் செலவில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டித் தர வேண்டும், மிச்சத்தை அரசு தரும். 30 லட்சம் ரூபாய்ப் பூங்காவுக்கு 10 லட்சம். அண்ணா நகரின் குடியிருப்போர் நலச் சங்கத்தால் அதை ஒரு மாதத்தில் சேர்க்க முடியும். புளியந்தோப்பில் அன்றாடக் கூலியை நம்பி வாழும் தெருவால் முடியாது. மக்கள் தரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அரசுப் பணம் இரண்டு ரூபாய் சேர்ந்துகொள்வதால், வசதியுள்ள தெருவை நோக்கியே பொதுப்பணம் நகர்கிறது. யாருடைய தீய எண்ணமும் இதற்குத் தேவையில்லை. விதியின் அமைப்பே அப்படி.

மக்கள் பங்களித்தால்தான் பணியின் மீது அக்கறை வரும் என்ற பதில் இதற்குச் சொல்லப்படும். அதற்கு ஆலந்தூரைச் சான்றாகக் காட்டுவார்கள், சான்று வலுவானதுதான். இன்று சென்னையின் ஒரு மண்டலமாக இருக்கும் ஆலந்தூர், தனி நகராட்சியாக இருந்த 1990களின் இறுதியில், ஆர்.எஸ்.பாரதி தலைவராக இருந்தபோது, பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை திரட்டியது. தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கடனும் அரசின் மானியமும் அதோடு சேர்ந்தன. உலகம் முழுவதும் நகர நிர்வாக வகுப்புகளில் பேசப்படும் திட்டமாக அது ஆனது. ஆனால் ஆலந்தூர் வெற்றி பெற்ற காரணத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அங்கே ஒரு தெரு பணம் கட்டியது, அடுத்த தெரு கட்டாததால் குழாய் வரவில்லை என்று திட்டம் போடப்படவில்லை. ஊர் முழுவதற்கும் ஒரே வலைப்பின்னல், கட்டண விகிதம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது, கூட்டம் கூட்டமாக மக்களிடம் விளக்கப்பட்டது, திரட்டிய பணம் தனிக் கணக்கில் வைக்கப்பட்டது. அதாவது விதி முதலில் வந்தது, பணம் பின்னால் வந்தது. தெருக்களைப் போட்டியிடவைக்கும் பங்களிப்புக்கு ஆலந்தூரைச் சான்றாக்குவது அந்த ஊரின் உழைப்பைத் தவறாகப் படிப்பதாகும்.

அடுத்து வரும் ஆட்சேபம் இன்னும் கனமானது. எந்தப் பகுதி அதிக வரி தருகிறதோ அங்கே செலவிட்டால்தானே வரி மேலும் வளரும், அந்த வளர்ச்சியால்தானே மற்றப் பகுதிகளுக்கும் பணம் கிடைக்கும்? இந்த எண்ணத்தை முழு வேகத்தில் செயல்படுத்திப் பார்த்த நகரம் சிகாகோ. இல்லினாய்ஸ் மாநிலம் 1977இல் இயற்றிய சட்டத்தின்படி, நலிந்த பகுதி என்று அறிவிக்கப்படும் எல்லைக்குள் சொத்து மதிப்பு உயர்வதால் கூடுதலாக வரும் வரி, நகரின் பொதுக் கருவூலத்துக்குப் போகாமல் 23 ஆண்டுகளுக்கு அந்த எல்லைக்குள்ளேயே மறுசீரமைப்புக்குச் செலவாகும். சிகாகோ 1984இல் இதை முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது நகரின் மைய வணிகப் பகுதியில்தான். ஏட்டளவில் அழகான யோசனை: மேம்பாடு தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்கிறது, வேறு யார் பையிலும் கை வைக்கவில்லை. நடந்தது என்ன? நிலமதிப்பு ஏறும் இடத்தில்தான் கூடுதல் வரி பிறக்கும். எனவே ஏற்கெனவே செழித்துவரும் பகுதிகளின் கணக்கில் பணம் குவிந்தது. மதிப்பு ஏறாமல் கிடந்த தெற்கு, மேற்குப் பகுதிகளில் பல, பெயருக்கு மட்டும் அந்த எல்லைகளை வைத்திருந்தன. 2019 ஏப்ரலில், நகரின் செல்வம் மிகுந்த லிங்கன் பார்க்கை ஒட்டிய லிங்கன் யார்ட்ஸ் திட்டத்துக்கும் மையப் பகுதிக்குத் தெற்கேயுள்ள ‘தி 78’ திட்டத்துக்கும் சேர்த்துச் சுமார் 240 கோடி டாலர் வரை இந்த வழியில் தர நகர மன்றம் ஒப்புதல் அளித்தது. அந்தப் பகுதிகளை நலிந்தவை என்று எப்படி அழைக்கலாம், அரசின் பணம் இல்லாமலேயே அங்கே கட்டிடங்கள் எழும்பாதா என்ற கேள்விகள் அன்றே எழுந்தன. லிங்கன் யார்ட்ஸ் திட்டம் பின்னர் முடங்கியது.

பள்ளிகளுக்கும் பூங்காக்களுக்கும் பொதுவாகப் போயிருக்க வேண்டிய வரி எல்லைகளுக்குள் அடைபடுவதைக் கண்டு, இந்த முறையை 1952இலிருந்தே பின்பற்றிய கலிபோர்னியா 2011இல் சட்டமியற்றி, சுமார் 400 மறுசீரமைப்பு முகமைகளை 2012 பிப்ரவரியில் கலைத்தது. மாநிலத்தின் மொத்தச் சொத்து வரியில் ஏறக்குறைய 12 சதவீதம் அவற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. சிகாகோவே 2024இல் 125 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் அளித்தது. காலம் முடியும் எல்லைகளை விடுவித்து, அந்த வரியைப் பொதுக் கருவூலத்துக்குத் திருப்பி, வீட்டுவசதிக்கும் தொழில் வளர்ச்சிக்குமான பணத்தை நகரம் முழுவதற்குமாகத் திரட்டுவது அதன் நோக்கம்.

தூரத்து ஊரின் கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நிலமதிப்பு உயர்வில் பங்கு பெற்று நகரக் கட்டமைப்புக்குச் செலவிடும் வழிகளைத் தொகுத்து 2017இல் மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் வெளியிட்ட கொள்கையில், சிகாகோவின் முறையும் ஒரு வழியாக இடம்பெற்றிருக்கிறது. சுமார் 119 கிலோமீட்டர் நீளத்துக்கு மெட்ரோ இரண்டாம் கட்டப் பாதை அமையும்போது, அதை ஒட்டிய நிலங்களின் மதிப்பு ஏறும். அனுமதித்த அளவைவிடக் கூடுதல் தளப்பரப்பு கட்டுவதற்குக் கட்டுமான நிறுவனங்கள் இப்போதே தனிக் கட்டணம் செலுத்துகின்றன. கட்டமைப்பு வசதிக் கட்டணமும் உண்டு. கட்டமைப்பு வசதிக் கட்டணம் மாமன்றத்தின் கைக்கு வருவதில்லை, மாநில அளவிலான நிதியில் சேர்ந்து அரசின் குழு ஒப்புதலின்படி செலவாகிறது. இந்த வருவாயில் ஒரு பங்கு நகரத்துக்கு வர வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் வரும்போது அது பாதையோரப் பகுதிகளுக்குள்ளேயே அடைபட்டால் சிகாகோவின் பிழையை நாற்பதாண்டு தாமதமாக நாமும் செய்தவர்கள் ஆவோம். தியாகராய நகரின் கடைகள் தரும் வரி அந்தத் தெருக்களின் வரி மட்டுமல்ல. அங்கே துணி எடுக்க வருகிறவர்கள் நகரம் முழுவதிலிருந்தும் மாம்பலம் ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறார்கள். கல்லாவிலும் கிடங்கிலும் நிற்கும் ஊழியர்கள் எங்கெங்கிருந்தோ பேருந்தேறி வருகிறார்கள். அந்த வருவாயை உண்டாக்கியது முழு நகரம். பங்கும் முழு நகரத்துக்கு உரியது.

வசூலில் இந்த நியாயத்தைத் தமிழ்நாடு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதை இங்கே நினைவூட்டலாம். 2022இல் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது, பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150 சதவீதம் என்று படிகள் வைக்கப்பட்டன. 2011இல் இணைந்த பகுதிகளுக்கு உயர்வு இன்னும் குறைவாக இருந்தது. இருப்பவரிடம் அதிகம், இல்லாதவரிடம் குறைவு. வாங்கும்போது பின்பற்றிய அளவுகோலைக் கொடுக்கும்போது கைவிடுவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

விதி வந்தால் கை கட்டப்படும், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் முடிவுரிமை பறிபோகும் என்ற அச்சமும் உண்டு. கேரளம் 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. எந்த ஊராட்சிக்கு, எந்த நகராட்சிக்கு எத்தனை ரூபாய் என்பது நிதிநிலை அறிக்கையின் நான்காம் பின்னிணைப்பாக அச்சாகிறது. ஆட்சிகள் மாறி மாறி வந்தன, பின்னிணைப்பு நின்றுபோகவில்லை. அதனால் அங்கே அரசியல் செத்துவிடவில்லை, பங்கு தெரிந்த பிறகு அதை எதற்குச் செலவிடுவது என்ற பயனுள்ள அரசியல் நடக்கிறது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989இல் மக்களைக் கூட்டி நிதிநிலை அறிக்கை தயாரிக்கத் தொடங்கியபோது, கூச்சலிடும் பகுதியே அள்ளிக்கொண்டு போகாமலிருக்க, மக்கள்தொகை, அந்தச் சேவையின் பற்றாக்குறை, பகுதி மக்களே சொல்லும் முன்னுரிமை என்ற மூன்றுக்கும் மதிப்பெண் வைத்தது. சென்னையிலும் வெள்ளம், விபத்து போன்ற அவசரங்களுக்கும் மன்றத்தின் தனி முடிவுக்கும் நான்கில் ஒரு பங்கை விட்டுவைக்கலாம். மிச்சம் வரிசைப்படி போகட்டும். வரிசையை மீறும் உரிமையும் மன்றத்துக்கு இருக்கட்டும், மீறியதற்கான காரணத்தை எழுதிப் பதிவிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு.

எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் எந்தப் பகுதியும் முழுதாக மாறாது என்று பொறியாளர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஒரு பகுதியின் சாலையைத் தோண்டி வடிகால் மட்டும் போட்டு, மறுபடி தோண்டிக் குடிநீர்க் குழாய், பிறகு மின்கம்பி என்று நாம் பார்த்துச் சலித்த காட்சி அந்தத் துண்டுபோடும் பழக்கத்தால் வருவதே. நான் கேட்பது துண்டுபோடுவதை அல்ல, வரிசையை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை 200 வார்டுகளையும் தேவையின்படி அளந்து, மேலே நிற்கும் சில பகுதிகளை எடுத்து, அவற்றுக்கு வேண்டிய முழுத் தொகையையும் ஒதுக்கி முடித்துவிட்டு அடுத்தவற்றுக்குப் போக வேண்டும். பதினோராவது இடத்தில் இருக்கிற பகுதிக்குக்கூட, தன் முறை எப்போது என்று தெரிந்திருப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது.

அளப்பதற்குத் தரவு இல்லை என்று சொல்ல முடியாது. மழைநீர் தேங்கும் இடங்களின் பட்டியல் மாநகராட்சியிடம் இருக்கிறது. எந்தத் தெருவில் கழிவுநீர் இணைப்பு இல்லை என்பது குடிநீர் வாரியத்துக்குத் தெரியும். எந்தக் குடியிருப்பு எப்போது கட்டப்பட்டது என்பது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் ஏட்டில் உண்டு. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு குடியிருப்பவர்கள் முன்பே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. எந்தக் கட்டிடத்தை முதலில் இடித்துக் கட்ட வேண்டும் என்ற வரிசை, விழும் நாளுக்கு முன்பே பொதுவெளியில் இருந்திருக்க வேண்டும்.

குடியிருப்புகளைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் விதிக்குள் எழுதியாக வேண்டும். மேம்பட்ட பகுதியில் வாடகை ஏறும், ஏற்கெனவே இருந்தவர்கள் வெளியே தள்ளப்படுவார்கள். கூவம் கரையிலிருந்தும் மற்ற நீர்நிலைக் கரைகளிலிருந்தும் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் மக்களை அனுப்பிய நகரம் இது. வேலையும் பள்ளியும் ஓரிடத்தில், வீடு இன்னோரிடத்தில் என்ற துயரத்தை அது கண்கூடாகப் பார்த்திருக்கிறது. வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டும் காலத்தில் வெளியே தங்குவதற்கான கருணைத் தொகை 8,000 ரூபாயிலிருந்து 24,000ஆக உயர்த்தப்பட்டது. பணி 18 மாதத்தில் முடிவதாக வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 1,333 ரூபாய். சென்னையில் இந்தத் தொகைக்கு ஓர் அறை கிடைக்காது. எனவே, அதே பகுதியில் உண்மையான வாடகைக்கு ஈடான தொகை, திரும்பி வரும் உரிமைக்கு எழுத்துப்பூர்வ உறுதி, வாடகைக்கு இருந்தவர்களையும் கணக்கில் சேர்ப்பது ஆகிய மூன்றும் திட்டச் செலவின் உள்ளேயே இடம்பெறாத எந்த மறுசீரமைப்புக்கும் பணம் தரக் கூடாது. செலவு கூடுமே என்றால், கூடட்டும். இப்போதும் அந்தச் செலவு இருக்கிறது, ஏழைகள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டம் 2046 வரையிலான இருபதாண்டுகளுக்கானது. மாநகராட்சி 2025இல் 200 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டு, சந்தையில் தானே பணம் திரட்டத் தொடங்கிவிட்டது. அந்தக் கடனைத் திருப்பிக் கட்டப்போவது 200 வார்டுகளின் வரியும்தான். வார்டுக் குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் 2022இல் விதிகள் வந்திருக்கின்றன. ஆனால் பகுதி சபை பரிந்துரைக்கத்தான் முடியும், தன் பகுதிக்கு உரிய பங்கு எவ்வளவு என்று தெரியாமல் பரிந்துரைப்பது மனு கொடுப்பதாகவே முடியும். பங்கீட்டு விதியை உருவாக்கி நிறைவேற்ற மாமன்றத்துக்கு ஓராண்டு தேவைப்படலாம். அதற்கு முன்பே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை: கடந்த பத்தாண்டுகளில் மாநகராட்சியும் குடிநீர் வாரியமும் வாழ்விட வாரியமும் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் ஒவ்வொரு வார்டிலும் செலவிட்ட மூலதனத் தொகையை, அடுத்த நிதிநிலை அறிக்கையோடு தமிழில் ஒரே அட்டவணையாக வெளியிட வேண்டும்.